ரெண்டும் இருக்கட்டுங்க

"ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுக் குடுங்க" என்பதுதான் கணினி சர்வீஸ் கடையின் அன்றாட வேலை. சிபியுவைத் தூக்கி வந்து மேசைமேல் வைப்பார்கள். டேட்டாவை எடுத்து வைத்துக்கொண்டு, சி டிரைவைத் துடைத்து, விண்டோஸை ஏற்றி, டிரைவர்களைப் போட்டு, சாயங்காலம் கொடுத்து அனுப்பிவிடலாம். ஈரோட்டில் என் கடை இருக்கும் தெருவிலேயே இதற்கு ஆள் பஞ்சம் கிடையாது. என்னைத் தேடி வருகிறவர்களில் ஒரு பகுதியினர் கேட்பது வேறு. "லினக்ஸுன்னு ஒண்ணு இருக்குதாமா. அதைப் போட்டுப் பார்க்கலாமுங்களா? ஆனா விண்டோஸ் போயிரக் கூடாதுங்க. ரெண்டும் இருக்கட்டுங்க."

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்கள் நின்ற பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். நம் வீடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாலாம், ஆறாம் தலைமுறை ஐ3, ஐ5 மெஷின்கள் இந்த வாசலைத் தாண்டுவதில்லை. மெஷினில் பழுது இல்லை, ஆனால் மேற்கொண்டு போக வழியும் இல்லை. அப்படிப்பட்டவர்கள்தான் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள்.

லினக்ஸை ஏற்றுவதுதான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். எஸ்எஸ்டி இருந்தால் அது அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. இருக்கிற விண்டோஸுக்கு ஒரு கீறலும் விழாமல் பார்த்துக்கொள்வதும், பிடிக்காவிட்டால் பழையபடி திரும்பிவர வழியை விட்டுவைப்பதும்தான் மீதி நாள் முழுக்க ஆகிற வேலை. திரும்பி வர வழி தெரிந்தவர்தான் புதியதைத் தைரியமாகத் தட்டிப் பார்க்கிறார். இத்தனை வருடத்தில் நான் கண்டது இது.

லினக்ஸே பக்கத்து பார்ட்டிஷனில் பிறந்ததுதான். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் ஒரு 386 கணினி வாங்கினார். அது டாஸோடு வந்தது. ஆண்ட்ரூ டானன்பாம் எழுதிய மினிக்ஸ் ஃபிளாப்பிகள் வந்து சேரும்வரை அதில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா விளையாடிக்கொண்டிருந்தார். மினிக்ஸை ஏற்றி, அதன் துணையோடு தன் சொந்த ஓஎஸ்ஸை எழுத ஆரம்பித்தார். ஆகஸ்ட் 25 அன்று உலகத்துக்கு அறிவித்தார். பின்பு ஒருநாள் மோடத்துக்குப் போக வேண்டிய கட்டளையை ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பிவிட, மினிக்ஸ் இருந்த பார்ட்டிஷன் அழிந்தது. அதைத் திரும்ப ஏற்றாமல் லினக்ஸிலேயே இருந்துவிட்டார். இதை அவரே தன் 'ஜஸ்ட் ஃபார் ஃபன்' நூலில் சொல்கிறார். என் வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதில்லை. சொன்னால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் சிடி தபாலில் இலவசமாக வரும். 2004 அக்டோபரில் முதல் பதிப்பு வந்ததிலிருந்து 2011 வரை அந்தச் சேவை இருந்தது. பிரவுசிங் சென்டரில் படிவம் நிரப்பி அனுப்பினால், சில வாரங்கள் கழித்துக் காகித உறையில் சிடி வீட்டுக்கு வரும். தபால்காரர் வெளிநாட்டு முத்திரையைப் பார்த்துவிட்டு ஒரு தரம் நம் முகத்தையும் பார்ப்பார். அசெம்பிள்டு சிஸ்டத்தில் காப்பி விண்டோஸ் போடுவதுதான் அன்றைய வழக்கம். காசு கொடுக்காமல், ஆனால் சட்டப்படி ஒரு ஓஎஸ் கைக்கு வருகிறது என்பதே எங்களில் சிலருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அந்தக் காலத்தில் சாதாரண ஆள் துணிந்து லினக்ஸைத் தொட்டது வூபி வந்த பிறகுதான். 2008-இல் உபுண்டு 8.04-ஓடு அது வந்தது. பார்ட்டிஷன் பிரிக்கவே வேண்டாம். விண்டோஸுக்குள் ஒரு சாஃப்ட்வேர் போலப் போட்டுவிட்டால், லினக்ஸ் முழுக்க ஒரு பெரிய ஃபைலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். வேண்டாமென்றால் கன்ட்ரோல் பேனலில் போய் மற்ற சாஃப்ட்வேரை நீக்குவதுபோல நீக்கிவிடலாம். "புடிக்கலைன்னா எடுத்துரலாம்" என்று சொன்ன உடனே சரி என்றவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரு ஃபைலுக்குள் இன்னொரு ஃபைல் சிஸ்டம் என்பதால் திடீரென்று கரண்ட் போனால் அது தாங்காது. நமக்கோ அது மின்வெட்டுக் காலம். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன வீடுகளில் வூபி நிலைக்கவில்லை. உபுண்டுவும் 13.04-இலிருந்து அதைக் கைவிட்டது.

இதற்கு நேர்மாறான பாடம் இலவச மடிக்கணினிகளில் கிடைத்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் விண்டோஸ் 7-உம், சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. ஆன் செய்தால் எது வேண்டும் என்று மெனு கேட்கும். இவ்வளவு பெரிய அளவில் வீடுகளுக்குள் லினக்ஸ் போனது நம் மாநிலத்தில் அதுவரை நடக்காதது. ஆனால் என் மேசைக்கு வந்த லேப்டாப் பலவற்றில் பாஸ் இருந்த இடம் அழிக்கப்பட்டு சினிமாப் படங்கள் நிரம்பியிருந்தன. "அது என்னன்னே தெரியலைங்ண்ணா, இடத்தை அடைச்சுட்டு இருந்துச்சு" என்பான் பையன். அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டு ஓஎஸ் இருந்தால் மட்டும் போதாது. இரண்டாவதை ஒரு வேலைக்காகத் திறக்க வேண்டும். வேலை இல்லாத பார்ட்டிஷன் வெறும் அடைசல்தான்.

அதனால் யார் வந்தாலும் மெஷினைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வேலையைப் பற்றிக் கேட்கிறேன். டாலியில் கணக்கு எழுதுகிறீர்களா? ஜிஎஸ்டிக்கோ டெண்டருக்கோ டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகுகிறீர்களா? ஆதார் கைரேகை மெஷின் வைத்திருக்கிறீர்களா? பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப்பில் டிசைன் செய்கிறீர்களா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் விண்டோஸ் போகக் கூடாது. அவருக்கு லினக்ஸ் வேண்டுமென்றால் அது பக்கத்தில்தான் உட்கார வேண்டும். பழைய டாலியைச் சில சமயம், விண்டோஸ் சாஃப்ட்வேரை ஓட்ட உதவும் வைன் வைத்து லினக்ஸில் ஓட்டலாம். ஆனால் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அது மக்கர் செய்தால் என் கடை வாசலில்தான் வந்து நிற்பார். ஓட்டலாம் என்பதற்காக ஓட்டக் கூடாது.

சிலரைத் திருப்பியும் அனுப்புவேன். இன்ஜினியரிங் மாணவர் ஒருவர் பதினாறு ஜிபி ரேம் உள்ள புது லேப்டாப்பைக் கொண்டுவந்து, பைத்தான் படிக்க லினக்ஸ் வேண்டும் என்றார். அவருக்கு டிஸ்க்கைப் பிரிக்கவே தேவையில்லை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி 2016-இலிருந்து இருக்கிறது; இல்லையென்றால் விர்ச்சுவல்பாக்ஸில் தனி மெஷின் போல ஓட்டலாம். இரண்டு ஓஎஸ்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் டூயல் பூட்டுக்கு அர்த்தம் இருப்பது நாலு ஜிபி, எட்டு ஜிபி ரேமில் திணறும் மெஷின்களில். அங்கே ஒன்றுக்குள் ஒன்றை ஓட்ட இடமில்லை. எது ஓடுகிறதோ அதற்கு மெஷினின் முழு பலமும் கிடைக்க வேண்டும்.

லினக்ஸ் போட்டால் பழைய மெஷின் பறக்கும் என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதிதான் உண்மை. சிஸ்டம் லேசாகிவிடும், ஆனால் பிரவுசரைத் திறந்து யூடியூப்பும் வாட்ஸப்பும் போட்டால் ரேம் இங்கேயும் அதே அளவுக்குத்தான் தீரும். சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் தெரிகிற வேகம் எந்த ஓஎஸ் மாற்றினாலும் தெரியாது. அதை முதலில் செய்யச் சொல்வேன். எஸ்எஸ்டி போட்ட பிறகு, "இதுவே போதுமுங்க, லினக்ஸ் அப்புறம் பார்க்கலாம்" என்று போனவர்களும் உண்டு.

போடலாம் என்று முடிவானாலும் நேராக இன்ஸ்டால் செய்வதில்லை. பென் டிரைவில் வைத்து ஓட்டிக் காட்டுவதுதான் முதல் படி. ஒரே டிரைவிலிருந்து பல ஓஎஸ்களை எழுப்பும் வென்டாய் போட்ட ஒரு பென் டிரைவ் என் பையில் எப்போதும் இருக்கும். அதில் மின்ட், உபுண்டு, ரொம்பப் பழைய மெஷினுக்கு லுபுண்டு என்று லினக்ஸ் வகைகளின் ஐஎஸ்ஓ ஃபைல்களை அப்படியே காப்பி செய்து வைத்திருப்பேன். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அது டிஸ்க்கைத் தொடாமல் ரேமில் ஏறி ஓடும்.

பெருந்துறைப் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டில் இதைக் காட்டியது நன்றாக நினைவிருக்கிறது. மின்ட் திரையில் வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டு கிட்டே வந்தார்.

"இதெல்லாம் இந்தப் பென் டிரைவுக்குள்ள இருந்தே ஓடுதுங்களா தம்பி?"

"ஆமாங்கய்யா. உங்க ஹார்டு டிஸ்க்கை இன்னும் தொடவே இல்லைங்க. இதைப் புடுங்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணுனா பழையபடி விண்டோஸ்தானுங்க வரும்."

"அப்ப மொதல்ல புடுங்கிக் காட்டுங்க."

ஷட்டவுன் செய்து, பென் டிரைவை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஆன் செய்தேன். அவருடைய பழைய டெஸ்க்டாப் படம், ஐகான்கள் எல்லாம் இருந்த இடத்தில் வந்தன. 'மை டாக்குமென்ட்ஸ்' திறந்து கட்டுரை ஃபைல் ஒன்றையும் சரிபார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு, "சரி, மறுபடி சொருகுங்க" என்றவர் இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. அவரிடமிருந்து கற்ற வழக்கம் இது: இப்போது எல்லா வீட்டிலும் யாரும் கேட்காமலே ஒருமுறை பிடுங்கிக் காட்டுகிறேன்.

இந்த வெள்ளோட்டத்தில் பார்க்க வேண்டியவை உண்டு. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, வெளிச்சம் கூட்டும் பட்டன் வேலை செய்கிறதா, வெப்கேம் தெரிகிறதா, லேப்டாப்பை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, பிரிண்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா. சில வைஃபை சிப்புகளுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். இறக்க நெட் வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும். அந்தச் சமயத்தில் ஃபோனைச் சார்ஜர் கேபிளில் மாட்டி, யுஎஸ்பி டெதரிங் போட்டுவிட்டால் நெட் வந்துவிடும். புதிய பிரிண்டர்கள் டிரைவரே கேட்காமல் ஓடுகின்றன. பழைய மலிவு லேசர் பிரிண்டர்களில் சில, விண்டோஸ் டிரைவரை நம்பியே செய்யப்பட்டவை. அவற்றோடு மல்லுக்கட்டாமல் பிரிண்ட் எடுப்பதை விண்டோஸுக்கே விட்டுவிடுவேன்.

ஆசிரியருக்கு முக்கியமான கவலை தமிழ். பல வருடக் கட்டுரைகள் பாமினியில் இருந்தன. பாமினி எழுத்துரு ஃபைலை லினக்ஸில் நிறுவிவிட்டால் லிப்ரே ஆபீஸில் அவை திறக்கும். பக்க அமைப்பு அங்கங்கே நகரும், எழுத்து போகாது. புதிதாக எழுதுவதை யூனிகோடில் எழுதலாம் என்று தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தேன். உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய்யெழுத்து வலக்கைப் பக்கம் என்ற அதன் அடுக்கு இலக்கணம் நடத்தியவருக்கு உடனே பிடிபட்டது. தமிழிலேயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றவருக்கு 2012-இலிருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவரும் 'கணியம்' இதழைக் காட்டினேன்.

வெள்ளோட்டம் தேறினால்தான் உண்மையான வேலை தொடங்கும். முதலில் பேக்கப். "எல்லாம் எடுத்து வெச்சுட்டேனுங்க" என்ற வார்த்தையை நான் ஏற்பதில்லை. எடுத்துவைத்த ஹார்டு டிஸ்க்கை வேறொரு மெஷினில் மாட்டி, கல்யாண ஆல்பத்தில் ஒரு படமாவது திறந்து பார்ப்பேன். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பதை யாரும் பேக்கப் எடுப்பதில்லை. வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் காப்பி பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

அடுத்தது பூட்டு. சமீப வருட லேப்டாப்களில் டிஸ்க் முழுக்க என்க்ரிப்ட் ஆகியிருப்பது உரிமையாளருக்கே தெரிவதில்லை. பயாஸில் எதையாவது மாற்றினாலோ பூட் வரிசை மாறினாலோ, நீலத் திரையில் நாற்பத்தெட்டு இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். அந்தக் கீ பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை லேப்டாப் விற்ற கடைப் பையன் தன் அவசரத்துக்கு ஏதோ ஒரு மெயிலில் உருவாக்கிக் கொடுத்திருப்பான். ஆகவே கீயை எழுதி வாங்கிக்கொண்டு, என்க்ரிப்ஷனை நிறுத்தி வைத்த பிறகுதான் அடுத்த படி.

மூன்றாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் கொடுத்தால் மெஷின் முழுதாக அணைவதில்லை; கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. அடுத்த முறை வேகமாக எழுவதற்காக இந்த ஏற்பாடு. இதற்கு நடுவில் லினக்ஸ் அதே சி டிரைவில் எதையாவது எழுதினால், விண்டோஸ் தன் நினைவில் வைத்திருக்கும் கணக்கும் டிஸ்க்கில் இருப்பதும் ஒத்துப்போகாது, ஃபைல்கள் சிதையும். அதனால்தான் அந்த நிலையில் உள்ள டிரைவை லினக்ஸ் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. பவர் ஆப்ஷன்ஸில் போய் இதை அணைத்துவிடுவது என் பட்டியலில் தவறாத வரி.

பிறகுதான் இடம் பிரிப்பது. இது அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி. அளந்து கல் நட்ட பிறகு யாரும் மற்றவர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. விண்டோஸின் இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைக் கொண்டே குறைப்பேன். இருநூறு ஜிபி காலியாக இருந்தாலும் முப்பது ஜிபிக்கு மேல் குறைக்க முடியாது என்று அது அடம்பிடிப்பது உண்டு. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், ரீஸ்டோர் பாயின்ட் இவை டிஸ்க்கின் கடைசியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அவற்றைத் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, குறைத்த பிறகு திரும்பப் போட்டுவிடலாம். மின்ட்டுக்குக் குறைந்தது இருபது ஜிபி வேண்டும். நூறு ஜிபி இருந்தால் நிம்மதி. நம் ஊரில் சி, டி, ஈ என்று பிரித்துவைக்கும் பழக்கம் இருப்பதால், பெரும்பாலும் ஈ டிரைவிலிருந்து வெட்டினால் சி-யைத் தொடவே வேண்டியதில்லை. படமும் பாட்டும் டி-யில் இருந்தால் இரண்டு ஓஎஸ்ஸும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 7 காலத்து மெஷின்களில் இன்னொரு முட்டுக்கட்டை. டிஸ்க்கின் முதல் செக்டார் 512 பைட். அதில் 446 பைட் பூட் நிரலுக்கு. பார்ட்டிஷன் பட்டியலுக்கு 64 பைட்தான். அதில் நாலு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் எழுத முடியாது. சிஸ்டம், சி, ரெக்கவரி, கம்பெனிக்காரர் டூல்ஸ் என்று நாலையும் நிரப்பியே விற்ற லேப்டாப்கள் நிறைய. அங்கே காலி இடம் இருந்தாலும் லினக்ஸ் இன்ஸ்டாலர் பயன்படாத இடம் என்றே காட்டும். ரெக்கவரியை வெளியே எடுத்துவைத்துவிட்டு ஒன்றைக் காலி செய்தால்தான் வழி பிறக்கும். இப்போதைய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பார்ட்டிஷன்கள் வரை கொள்ளும். அந்தத் தலைவலி இல்லை.

இன்ஸ்டால் செய்யும்போது புது ஆட்கள் கவனிக்க வேண்டியது பூட் மெனு. எஃப்12 தட்டினால் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருக்கும். விண்டோஸ் எந்த முறையில் போடப்பட்டிருக்கிறதோ அதே முறையில்தான் லினக்ஸையும் ஏற்ற வேண்டும். மாற்றி ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று மெனுவில் காட்டாது. வாடிக்கையாளர் ஒன்று போய்விட்டது என்று பதறுவார். சில லேப்டாப்களில் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது. பயாஸில் அது ரெய்டு முறையில் இருக்கும். அவசரப்பட்டு ஏஹெச்சிஐக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். விண்டோஸை முதலில் சேஃப் மோடில் எழும்படி சொல்லிவைத்து, பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பிவிட்டால் தானாகச் சரிசெய்துகொள்ளும்.

டெஸ்க்டாப் என்றால் நான் பரிந்துரைப்பது இன்னும் எளிய வழி. சின்ன எஸ்எஸ்டி ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டி, இன்ஸ்டால் முடியும்வரை விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுவது. இல்லாத டிஸ்க்கை யாரும் அழிக்க முடியாது. வேலை முடிந்ததும் கேபிளை மாட்டிவிட்டால் எஃப்12 தட்டி எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்து ஆன் செய்தால் எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனு கறுப்புத் திரையில் வரும். 2021-இல் வந்த க்ரப் 2.06 முதல் பக்கத்து ஓஎஸ்ஸைத் தேடும் வசதி இயல்பாக அணைந்தே வருகிறது. விண்டோஸின் பெயர் மெனுவில் இல்லையென்றால் அமைப்பு ஃபைலில் ஒரு வரியை மாற்றிப் புதுப்பித்தால் வந்துவிடும். எது முதல் வரியில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் லினக்ஸ் நண்பர்களுக்கும் எப்போதும் தகராறு. நான் விண்டோஸைத்தான் முதலில் வைத்துக் கொடுத்து வந்தேன். வீட்டில் ஒரு ஆள் ஆசைப்பட்டு லினக்ஸ் கேட்டிருப்பார். மற்றவர்கள் பவர் பட்டனைத் தட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறவர்கள். அவர்கள் திரும்பி வரும்போது பழகிய திரை இருக்க வேண்டும். அது மாறிப்போனால் அன்றைக்கே வீட்டுக்குள் லினக்ஸுக்கு எதிர்ப்பு கிளம்பிவிடும். பிறகு எந்த வாதமும் எடுபடாது.

கொடுத்து அனுப்பிய பிறகு வரும் ஃபோன்களில் முதலிடம் கடிகாரத்துக்கு. "காலைல ஒம்போதரைக்குத் திறந்தா நாலு மணிங்குதுங்க." விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று வைத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. லினக்ஸ் திருத்தி எழுதிவைத்த நேரத்தை விண்டோஸ் அப்படியே படித்தால் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். விடிகாலை ஐந்து மணிக்குத் திறந்தால் தேதியே முந்தின நாளாக இருக்கும். பில் போடுகிறவருக்கு இது விளையாட்டில்லை. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸ் டெர்மினலில் ஒரே ஒரு வரி கொடுத்தால் தீர்ந்தது.

"போட்டோ காப்பி ஆகமாட்டேங்குதுங்க" என்றால், பெரிய அப்டேட்டுக்குப் பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் திரும்ப உயிர்பெற்றிருக்கும். "மெனுவே வரலை, நேரா விண்டோஸ் போகுதுங்க" என்றால் பூட் வரிசை மாறியிருக்கும். பயாஸில் போய் முதல் இடத்தை மாற்றினால் சரி. இவை ஃபோனிலேயே முடிந்துவிடும்.

நேரில் போக வேண்டியது ஒன்று உண்டு. லீவுக்கு வந்த சொந்தக்காரப் பையன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்க்கிறான். பெயரில்லாத, டிரைவ் எழுத்தில்லாத நூறு ஜிபி தெரிகிறது. சும்மாதானே கிடக்கிறது என்று டிலீட் கொடுத்துவிடுகிறான். பழைய முறை மெஷினாக இருந்தால் மறுபடி ஆன் செய்யும்போது 'க்ரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி மட்டும் வந்து நிற்கும். வீடே பதறும். உண்மையில் விண்டோஸுக்கு எதுவும் ஆகியிருக்காது. அதைக் கூப்பிடுகிற ஆள்தான் அழிக்கப்பட்ட பார்ட்டிஷனோடு போய்விட்டான். விண்டோஸ் பென் டிரைவில் எழுப்பி பூட் ரெக்கார்டைத் திரும்ப எழுதினால் போதும்.

இந்தப் பதற்றத்தைப் பார்த்துப் பார்த்து, டெலிவரி கொடுக்கும்போது கூடவே ஒரு தாள் கொடுக்க ஆரம்பித்தேன். லினக்ஸ் வேண்டாமென்றால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு அழிக்க வேண்டும், ரெக்கவரி கீ எங்கே இருக்கிறது, எந்த பார்ட்டிஷனைத் தொடக் கூடாது என்று தமிழில் எழுதிய ஒரு பக்கம். கடையில் வேலை பழகும் பையனுக்கு இது பிடிக்கவில்லை. "நாமளே போட்டுட்டு நாமளே எடுக்கறதுக்கு வழி சொல்றதுங்களாண்ணா?" என்று கேட்டான். அந்தத் தாளைப் பயன்படுத்தி லினக்ஸை எடுத்தவர்கள் குறைவு. தாள் இருக்கிறது என்ற தெம்பில் கூடக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தவர்களே அதிகம். ஓட்டிப் பார்த்தும் ஒத்துவரவில்லை என்று எடுத்துவிட்டவர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. நாலு பேர் புழங்கும் வீட்டில் எந்த ஓஎஸ் என்பதைத் தீர்மானிப்பது சர்வீஸ்காரன் இல்லை.

விண்டோஸ் 10-இன் கணக்கு முடிந்த பிறகு இந்த ஏற்பாட்டின் அர்த்தமே தலைகீழாகிவிட்டது. முன்பு விண்டோஸ் குடியிருக்கும் ஓஎஸ்; லினக்ஸ் வெள்ளோட்டத்துக்கு. இப்போது அப்டேட் வராத விண்டோஸில் நெட் பேங்கிங் செய்யாதீர்கள் என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு ஓராண்டு நீட்டிப்புக்கு வழி இருக்கிறது. அதுவும் 2026 அக்டோபரோடு முடியும். புது மெஷின் வாங்க முடியாதவர்களுக்கு நான் இப்போது செய்து கொடுப்பது இது: மெயில், பேங்க், யூடியூப், பிள்ளைகளின் படிப்பு என்று நெட்டைத் தொடும் எல்லாம் லினக்ஸில். பழைய டாலி, பழைய பிரிண்டர், பேஜ்மேக்கர் ஃபைல்கள் விண்டோஸில். அங்கே வைஃபையை அணைத்தே வைத்துவிடுவது. நெட் கட்டாயம் வேண்டும் என்கிற டோக்கன், கைரேகை வேலைக்காரர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு உதவாது. அவர்களைப் புது மெஷினுக்குக் காசு சேர்க்கச் சொல்கிறேன். மற்றவர்களுக்குக் கொடுக்கும் மெஷின்களில் க்ரப் மெனுவின் முதல் வரியில் இப்போது லினக்ஸை வைக்கிறேன். மாற்றியிருக்கிறேன் என்பதை வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு, ஆன் செய்து காட்டிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.